14 பேர், 7 ஊர், அலுவலகம் கிடையாது: ஒரே டீம் என்ற உணர்வை எப்படிக் கொண்டுவருவது?

நொய்யல்கரை:

வணக்கம் நண்பர்களே. 14 பேர் கொண்ட மென்பொருள் டீம். சென்னையில் 5 பேர், கோவையில் 3, மதுரையில் 2, நாகர்கோவிலில் ஒருவர், தென்காசி பக்கம் ஒரு கிராமத்தில் ஒருவர், பெங்களூரில் ஒருவர், ஹைதராபாத்தில் ஒருவர். எல்லாருக்கும் வீட்டிலிருந்துதான் வேலை. கிளையன்ட் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருக்கிறார். வேலை எதுவும் தேங்கவில்லை. ஆனால் டீம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவுமே இல்லை.

வெள்ளி மாலை 5 மணிக்கு ஒரு மணி நேரம் க்விஸ், விளையாட்டு வைக்கிறோம். ஆரம்பத்தில் எல்லாரும் வந்தார்கள், இப்போது 5 பேர். ஸ்லாக் செயலியின் பொதுச் சேனலில் டீம் லீட் போடும் அறிவிப்பும் அதன் கீழே கட்டைவிரல் எமோஜியும்தான். மற்றதெல்லாம் தனிச்செய்தியில் ஓடுகிறது. மீட்டிங்கில் எல்லார் கேமராவும் அணைந்திருக்கும், "எனி கொஸ்டின்ஸ்?" என்றால் ஒரு சத்தமும் வராது. புதிதாகச் சேர்ந்த 3 பேர் ஒரு சந்தேகத்தை 2 நாள் மனதுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். சென்னை ஆட்கள் மட்டும் மாதம் ஒருமுறை சந்திக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். ஹைதராபாத் நண்பருக்குத் தமிழ் தெரியாது.

ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய், அதாவது டீமுக்கு வருடம் 1,68,000 ரூபாய் செலவழிக்க அனுமதி இருக்கிறது. கிஃப்ட் கூப்பன், ஆன்லைன் கேம் என்று போகாமல் உருப்படியாக என்ன செய்யலாம்?

---

வைகை மைந்தன்:

வணக்கம். முதல் வேலையாக அந்த வெள்ளிக்கிழமை க்விஸ்ஸை நிறுத்திவிடுங்கள். இங்கே மாலை 5 மணி என்றால் நியூயார்க்கில் கோடையில் காலை 7.30, குளிர்காலத்தில் 6.30. கிளையன்ட் எழுந்து மெயில் பார்ப்பதற்குள் வார வேலையை முடித்துவிட எல்லாரும் ஓடும் நேரம் அது. அப்போது விளையாடக் கூப்பிட்டால் அதுவும் இன்னொரு மீட்டிங்தான். இப்போது வரும் 5 பேரும் பெரும்பாலும் உங்கள் மரியாதைக்காக வருகிறவர்கள்.

ஒருவர் மாட்டிக்கொண்ட இடத்தில் இன்னொருவர் கைகொடுத்தார், அதை மற்றப் பத்துப் பேரும் பார்த்தார்கள் என்ற இடத்தில்தான் டீம் உணர்வு பிறக்கிறது. அலுவலகத்தில் இது தானாக நடக்கும். பக்கத்து மேஜைக்காரர் நெற்றியைத் தேய்ப்பதைப் பார்த்தே "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிடுவோம். உங்கள் டீமிலும் உதவி நடக்கிறது, இல்லாவிட்டால் வேலை தேங்கியிருக்கும். தனிச்செய்திக்குள் நடப்பதால் அது யார் கண்ணிலும் படவில்லை. சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

ஸ்லாக் அனலிட்டிக்ஸ் பக்கத்தில் பொதுச் சேனல், தனிச் சேனல், தனிச்செய்தி என்று எதில் எத்தனை சதவீதம் செய்தி போகிறது என்பது தெரியும். இன்றைய எண்ணைக் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். ஆள்வாரியாக யார் எத்தனை எழுதினார்கள் என்று எண்ணத் தொடங்கினால் காரியமே கெட்டுவிடும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததும் எண்ணிக்கைக்காக எழுதுவார்கள்.

அடுத்தது ஒரே ஒரு விதி: வேலைச் சந்தேகம் எதுவானாலும் பொதுச் சேனலில். யாராவது லீடுக்குத் தனியாக அனுப்பினால், "இதையே சேனல்ல போடுங்க, அங்கேயே பதில் சொல்றேன்" என்று எழுதிவிட்டு, 15 நிமிடத்துக்குள் அங்கே பதிலும் வர வேண்டும். இதில் இரண்டாவது பாதிதான் முக்கியம். சேனலில் போட்ட கேள்வி 3 மணி நேரம் கேட்பாரற்றுக் கிடந்தால், அடுத்த கேள்வி மறுபடி தனிச்செய்திக்கே போய்விடும். 30 நிமிடம் முட்டியும் நகரவில்லை என்றால் சேனலில் போட்டே ஆக வேண்டும் என்று நேரக்கணக்கும் சொல்லிவிடுங்கள். கேட்கலாமா வேண்டாமா என்ற தயக்கத்தில் பாதி அப்போதே போய்விடும், ஏனென்றால் கேட்பது அவர் முடிவாக இல்லாமல் விதியாகிவிடுகிறது.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நாலு வரி வடிவம் ஒன்றைச் சேனலின் மேலே பின் செய்து வையுங்கள்:

செய்வது: ஜூலை மாத இன்வாய்ஸ் டவுன்லோடு.
எதிர்பார்த்தது: ஜூலை பில் மட்டும் வர வேண்டும்.
நடந்தது: ஜூன் 30 ராத்திரி போட்ட பில்லும் சேர்ந்து வருகிறது.
பார்த்தது: குவெரி சரியாக இருக்கிறது. டைம்ஜோன் பிரச்சினையா என்று சந்தேகம், எங்கே மாற்றுவது என்று தெரியவில்லை.

இப்படி எழுதினால் படிக்கிறவருக்கு 2 நிமிடத்தில் விஷயம் பிடிபடும். நியூயார்க்கில் ஜூன் 30 இரவு 9 மணி என்றால் யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் ஜூலை 1 அதிகாலை 1 மணி. அதைக் கோவையில் இருப்பவர் ஒரே வரியில் சொல்லிவிடுவார், மற்ற 12 பேருக்கும் அது பாடம். "சார், ஒரு டவுட்" என்று மட்டும் போட்டுவிட்டு ஆள் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கமும் இதோடு நின்றுவிடும்.

இது எங்கே சறுக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பொதுவில் கேட்ட கேள்விக்கு லீடோ சீனியரோ "இது கூடவா தெரியாது?" என்ற தொனியில் ஒரே ஒரு முறை பதில் போட்டால் போதும், ஆறு மாதத்துக்குச் சேனல் ஊமையாகிவிடும். சந்தேகம் எல்லார் முன்னாலும், திருத்தம் தனியாகப் போனில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சறுக்கல், எல்லாக் கேள்விக்கும் லீடே முந்திக்கொண்டு பதில் சொல்வது. 10 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். வேறு யாராவது சொல்லட்டும். யாரும் சொல்லாவிட்டால், "இது போன மாசம் மதுரையில பார்த்தீங்களே, ஒரு பார்வை பாருங்க" என்று தெரிந்தவரை இழுத்துவிடுங்கள். வாரம் ஒரு சந்தேகமாவது லீட் தன் பங்குக்கு அதே நாலு வரியில் கேட்க வேண்டும். அவர் கேட்காத இடத்தில் ஜூனியர் கேட்கமாட்டார்.

இரண்டாவதாக ஜோடி வேலை. 2020-இன் முதல் ஆறு மாதத்தில் மைக்ரோசாஃப்டின் 61,182 அமெரிக்க ஊழியர்களின் தொடர்புகளை ஆராய்ந்து 2021-இல் ஒரு கட்டுரை வெளியானது. எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதும் தொடர்புகள் தங்கள் சிறு வட்டத்துக்குள் இறுகின, வட்டங்களுக்கு இடையிலான பாலங்கள் குறைந்தன என்பதுதான் அதன் சாரம். 14 பேருக்குள்ளும் அதே கதைதான்: கோவை மூவர் ஒரு வட்டம், சென்னை ஐவர் ஒரு வட்டம். பாலம் தானாக வராது, கட்ட வேண்டும்.

14 பேரில் 91 ஜோடிகள் உண்டு. ஒரு சுற்றுக்கு 7 ஜோடி, ஆக 13 சுற்று. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று என்றால் 26 வாரம். அரை வருடத்தில் எல்லாரும் எல்லாருடனும் ஒருமுறை உட்கார்ந்திருப்பார்கள். சீட்டுக் குலுக்கல் வேண்டாம், அதில் ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வரும். எல்லாருக்கும் 1 முதல் 14 வரை எண் கொடுங்கள். முதல் சுற்று: 1-14, 2-13, 3-12, 4-11, 5-10, 6-9, 7-8. அடுத்த சுற்றுக்கு 1 மட்டும் இடத்தில் நிற்க, மற்றவர்கள் வட்டமாக ஓர் இடம் நகர வேண்டும்: 1-13, 14-12, 2-11, 3-10, 4-9, 5-8, 6-7. இப்படியே 13 முறை. கேரம் போர்டு, டேபிள் டென்னிஸ் லீக் போட்டிகளுக்கு அட்டவணை போடும் அதே முறைதான். ஒருவர் விலகி 13 பேரானால் 14-ஐக் காலி இடமாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஜோடி சேர்பவருக்கு அந்தச் சுற்று ஓய்வு.

ஜோடியாக உட்காரும் 45 நிமிடமும் ஒரு நிஜ டிக்கெட், அதாவது முடிக்க வேண்டிய ஒரு வேலை, திரையில் இருக்க வேண்டும். முதல் 10 நிமிடம் ஊர்க்கதை பேசட்டும், தடுக்க வேண்டாம். 45 நிமிடமும் சும்மா பேசுங்கள் என்று விட்டால் பேச்சுக்கூச்சம் உள்ளவர்கள் மூன்றாவது சுற்றிலேயே "இன்னைக்கு வேலை இருக்கு" என்று நழுவிவிடுவார்கள். கையில் வேலை இருந்தால் கூச்சம் தெரியாது.

---

மல்லிகைப்பந்தல்:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். மீட்டிங்கில் நிலவும் அமைதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதற்குக் காரணம் அக்கறையின்மை என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பகுதி ஒலியின் தாமதம்.

நேரில் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சுமார் 200 மில்லிசெகண்ட்தான். 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வந்த ஆய்வில் எல்லா மொழியிலும் ஏறக்குறைய இதே அளவுதான். தொலைபேசி உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்பது ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அளவு. வீட்டு வைஃபை, மீட்டிங் சர்வர், ப்ளூடூத் மூன்றும் சேரும்போது இதைத் தாண்டுவது சகஜம். நீங்கள் நிறுத்தியது அவருக்குத் தெரிவதற்கும், அவர் தொடங்கியது உங்களுக்குத் தெரிவதற்கும் நேரமாகிறது. இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, "சொல்லுங்க சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க" என்று இரண்டு தடவை ஆனதும் மென்மையான ஆள் வாயை மூடிக்கொள்வார். குரல் ஓங்கியவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

முதலில் எல்லாருக்கும் மைக் வைத்த ஒயர் இயர்ஃபோன். ப்ளூடூத்தில் மைக் ஆன் ஆனதும் பல ஹெட்செட்களில் ஒலித்தரம் இறங்கிவிடும், கேட்பவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். ஒயர் இயர்ஃபோன் விலை ஒரு மதியச் சாப்பாட்டுக் காசுக்குப் பக்கத்தில்தான்.

"எனி கொஸ்டின்ஸ்?" என்று காற்றில் கேட்பதை விட்டுவிடுங்கள். யாரை நோக்கியும் கேட்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள். பேர் சொல்லி, கேள்வியைச் சின்னதாக்கி, முன்கூட்டியே வரிசை சொல்லிக் கேளுங்கள்: "ரிலீஸ் தேதியில ஆபத்து எங்க தெரியுது? முதல்ல நாகர்கோவில், அப்புறம் ஹைதராபாத், அப்புறம் கோவை." தன் முறை வருகிறது என்று தெரிந்தால் யோசித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வாரமும் வரிசையை வேறு ஊரிலிருந்து தொடங்குங்கள், சீனியர் எப்போதும் கடைசி. சீனியர் முதலில் பேசிவிட்டால் மற்ற 13 பேரும் "சேம்" என்றுதான் சொல்வார்கள்.

கருத்து வேறுபாடு இருக்கும் விஷயத்துக்கு இன்னொரு வழி. எல்லாரும் சாட் பெட்டியில் பதிலை டைப் செய்து வைக்க வேண்டும், என்டர் அழுத்தக் கூடாது. 2 நிமிடம் கழித்து மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். யாருடைய பதிலையும் பார்த்து யாரும் மாற்றிக்கொள்ள முடியாது. 14 பதில் ஒரே நொடியில் வந்து விழும்போது, வாய் திறக்காதவர் எழுதியதுதான் பல நேரம் எடுபடும்.

கேமராவைக் கட்டாயமாக்க வேண்டாம். 103 ஊழியர்களை 4 வாரம் கவனித்த ஒரு கள ஆய்வு 2021-இல் வந்தது. கேமரா போட்டால் களைப்பு கூடுகிறது, பெண்களுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அது இன்னும் கூடுதல், களைத்தவர்கள் கூட்டத்தில் குறைவாகவே பேசினார்கள் என்று கண்டார்கள். நம் வீடுகளில் இதற்கு மேலும் காரணங்கள் உண்டு. பின்னால் மாமியார் நடந்துபோவார், குழந்தை வரும், ஹாலில்தான் மேஜை இருக்கும். ஜோடி வேலையின் முதல் 10 நிமிடத்திலும் புது ஆளை அறிமுகப்படுத்தும்போதும் கேமரா போட்டால் போதும். போடும்போது தன் முகம் தனக்குத் தெரியாமல் மறைக்கும் வசதியை ஆன் செய்யச் சொல்லுங்கள். தன்னையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு பேசுவது களைப்புக்கு ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதினார்.

பிறந்தநாள் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 14 பேரும் மைக்கைத் திறந்து சேர்ந்து பாடினால் அது பாட்டாக வராது. ஒவ்வொருவர் குரலும் வெவ்வேறு தாமதத்தில் வரும், போதாக்குறைக்கு மென்பொருள் ஒரு குரலை மட்டும் தூக்கிவைத்து மற்றதை இரைச்சல் என்று அடக்கும். பிறந்தநாள்காரருக்குத்தான் சங்கடம். அதற்குப் பதிலாக இரண்டு நாள் முன்னால் ஒவ்வொருவரிடமும் 15 நொடி குரல்பதிவு வாங்கி, ஒன்றாக ஒட்டி, காலையில் அனுப்புங்கள். 13 பேருக்கு மூன்றேகால் நிமிடம்தான் வரும். எடுத்து வைத்துத் திரும்பக் கேட்பார்கள்.

---

குமரி அலை:

நல்ல பதில்கள். யாரும் தொடாத ஒன்று: தென்காசி பக்கம் இருப்பவரும் நாகர்கோவில் ஆளும் ஏன் குறைவாகப் பேசுகிறார்கள் என்று பார்க்கும்போது, முதலில் அவர்கள் வீட்டு மின்சாரத்தைப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போகும் கரண்ட் பிற்பகலில்தான் வரும். லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஆனால் ரவுட்டர் அணைந்துவிடும். மீட்டிங்கில் பாதியில் காணாமல் போய் மூன்று முறை மன்னிப்புக் கேட்டவர், நாலாவது முறை பேசவே மாட்டார்.

இதற்குத் தீர்வு மினி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட்டும் சின்ன பேட்டரிப் பெட்டி. வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: ரவுட்டர் அடாப்டரிலும், ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதன் அடாப்டரிலும் உள்ள எழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது 1.5 என்று இருக்கும். சிலது 9 வோல்ட். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. இரண்டு பெட்டி என்றால் இரண்டு முனை உள்ளதாக வாங்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வாங்கிக்கொடுத்து, வைஃபை எரிகிறது, நெட் வரவில்லை என்று முழிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

எவ்வளவு நேரம் வரும் என்பதை அட்டைப்பெட்டியை நம்பாமல் கணக்குப் போடுங்கள். உள்ளே 3.7 வோல்ட், 2,000 மில்லி ஆம்பியர் ஹவர் செல் 3 இருந்தால் 3.7 × 2 × 3 = சுமார் 22 வாட் ஹவர். மாற்றத்தில் போவது போக 19 என்று வையுங்கள். இரண்டு பெட்டியும் சேர்ந்து 10 வாட் இழுத்தால் 2 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முழுநாள் கரண்ட் போகும் ஊருக்கு இது போதாது. அங்கே வீட்டு இன்வர்ட்டர் லைனில் ரவுட்டருக்கு ஒரு ப்ளக் பாயின்ட் இழுத்துக்கொடுக்க எலக்ட்ரீஷியன் செலவை டீம் கணக்கில் கொடுங்கள். கரண்ட் போகும் தேதி முன்கூட்டியே அறிவிக்கப்படும், அதை டீம் காலண்டரில் போட்டுவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் இல்லாமல் முக்கிய முடிவு எடுக்காமல் தவிர்க்கலாம். இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துகொடுத்தால் அந்த ஆளுக்கு "நம்மளையும் நினைக்கிறாங்க" என்று தோன்றும். எந்தக் கூப்பனாலும் அது முடியாது. பல கூப்பன்கள் கிராமத்துக்கு டெலிவரியே இல்லாமல் வீணாகும் என்பது வேறு.

மொழிக்கு வருவோம். ஹைதராபாத் நண்பர் இருக்கும் மீட்டிங்கில் நகைச்சுவை உட்பட எல்லாம் ஆங்கிலத்தில். வேலைச் சேனலில் தமிழில் ஒரு வரி எழுதினாலும் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. கலகலப்பு நம் மொழியில்தான் வரும் என்பது உண்மைதான். அதற்குத் தமிழில் தனிச் சேனல் வையுங்கள், ஆனால் வேலை முடிவு ஒன்றுகூட அங்கே எடுக்கப்படக் கூடாது. வாட்ஸ்அப் குழுவுக்கும் இதே கட்டுப்பாடு. இரவு 9 மணிக்கு வாட்ஸ்அப்பில் நாலு பேர் பேசி முடிவெடுத்து, காலையில் மற்றவர்களுக்குத் தெரியவருவதுதான் டீமை உடைக்கும் முதல் விரிசல்.

பண்டிகை லீவையும் பாருங்கள். பொங்கலுக்கு எல்லாரும் லீவு, ஆனால் உகாதி அன்று ஹைதராபாத்காரரும் பெங்களூர்க்காரரும் வேலையில் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது. 2 அல்லது 3 லீவை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள். ஓணம், ரம்ஜான், கிறிஸ்துமஸ் எல்லாம் அதில் அடங்கும். ஆயுத பூஜைக்கு மீட்டிங் போட்டுக் கொண்டாட வேண்டாம். லேப்டாப்புக்குப் பொட்டு வைத்து, பக்கத்தில் பொரிகடலையோடு விருப்பமுள்ளவர்கள் படம் போட ஒரு த்ரெட் திறந்தால் போதும்.

கடைசியாக, மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அமெரிக்காவில் கடிகாரம் மாறும். நியூயார்க் காலை 10 மணி மீட்டிங் கோடையில் நமக்கு இரவு 7.30, நவம்பருக்குப் பிறகு 8.30. வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டும் நேரம். நாலு மாதத்துக்கு யார் தலையில் அது விழுகிறது என்று அக்டோபரிலேயே முறைவைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். 14 பேரும் எல்லா நாளும் வரத் தேவையில்லை; 3 பேர் போய்விட்டு 5 வரிக் குறிப்பு எழுதினால் போதும்.

---

நொய்யல்கரை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. க்விஸ் இந்த வாரத்தோடு நிற்கிறது. ஜோடி அட்டவணை போட்டுவிட்டேன். இன்னும் மூன்று விஷயம்: புது ஆட்கள் மூவருக்கும் தனியாக என்ன செய்யலாம்? சென்னை சந்திப்பை நிறுத்தச் சொல்லலாமா? இந்தப் பணத்தில் 14 பேரையும் ஒரு முறையாவது நேரில் கூட்ட முடியுமா?

---

மல்லிகைப்பந்தல்:

சென்னை சந்திப்பை நிறுத்தாதீர்கள், அது நல்ல விஷயம். அங்கே வேலை முடிவெடுத்தால் அன்றே சேனலில் எழுத வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். கோவை மூவருக்கும் மதுரை இருவருக்கும் அதே டீக்காசைக் கொடுத்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து, லீடும் சென்னையில் இருந்தால் பாராட்டும் பதவி உயர்வும் அந்த ஐவர் பக்கமே சாய்வது. சீனாவின் சிட்ரிப் நிறுவனத்தில் ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூம் குழு 9 மாதம் நடத்திய சோதனையில், வீட்டிலிருந்து வேலை செய்த கால்சென்டர் ஊழியர்களின் செயல்திறன் 13% கூடியது, ஆனால் அதே அளவு செயல்திறனுக்கு அவர்களுக்குக் கிடைத்த பதவி உயர்வு குறைந்தது. கண்ணில் படாதவர் நினைவிலும் படவில்லை. மதிப்பீட்டுக்கு முன் 14 பேருக்கும் கடந்த 6 மாதத்தில் செய்தவற்றை எழுத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் லீட் உட்கார வேண்டும்.

புது ஆட்களுக்கு: ஒவ்வொருவருக்கும் வேறு ஊரிலிருந்து ஒரு துணை. லீட் துணையாக இருக்கக் கூடாது, சேர்ந்து 1 அல்லது 2 வருடமான ஆள்தான் சரி. அவருக்குத்தான் எது புரியாமல் இருந்தது என்று இன்னும் ஞாபகம் இருக்கும். முதல் 10 வேலைநாளும் காலை 10.15-க்கு 15 நிமிடம், மாலை 4 மணிக்கு 15 நிமிடம். மாலைப் பேச்சில் ஒரே கேள்வி: "இன்னைக்கு எங்க மாட்டிக்கிட்டீங்க?" எங்கேயும் இல்லை என்று பதில் வந்தால் திரையைப் பகிரச் சொல்லிச் சேர்ந்து பார்க்க வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு இருமுறை, இரண்டு மாதம். துணையாக இருப்பவரின் வேலைக்கணக்கில் முதல் இரண்டு வாரம் நாளுக்கு ஒரு மணி நேரம் குறைத்துவிடுங்கள். குறைக்காவிட்டால் மூன்றாம் நாளே "ஏதாவது வேணும்னா கேளுங்க" என்பதோடு நின்றுவிடும்.

யாரிடம் லீவு கேட்பது, எந்தச் சேனலில் எது, இரவில் வந்த செய்திக்குக் காலையில் பதில் போட்டால் போதுமா, லீடை சார் என்பதா பேர் சொல்வதா என்பதெல்லாம் 4 பக்கத்தில் எழுதி வையுங்கள். கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமலேயே பேசாமல் இருக்கும் புது ஆட்கள் நிறைய. கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் தன் கையேட்டை எல்லாரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. எழுதும் முறையைப் பார்க்கலாம், ஆனால் அதன் நீளம் உங்களுக்கு வேண்டாம். கையேட்டில் தவறு கண்டுபிடித்துத் திருத்துவதைப் புது ஆளின் முதல் வாரப் பணியாகக் கொடுங்கள். எல்லார் கண்ணிலும் படும் அவருடைய முதல் பங்களிப்பு அதுவாக இருக்கும்.

---

மலைக்கோட்டை:

நேரில் கூட்டுவதற்குப் பணம் போதும். ஊர் திருச்சி. சொந்த ஊர்ப் பாசத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். சென்னை, மதுரை, நாகர்கோவில் மூன்றிலிருந்தும் நேர் ரயில், கோவையிலிருந்து பகலில் வந்துவிடலாம், விமான நிலையமும் உண்டு. ஏற்காடு, கொடைக்கானல் என்று ஆசைப்படுவார்கள். ஏற்காட்டுக்குச் சேலத்தில் இறங்கி 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். பாதிப் பேர் தலைசுற்றலோடு வந்து சேர்ந்தால் முதல் நாள் போச்சு.

செவ்வாய் மதியம் தொடங்கி வியாழன் மதியம் முடியுங்கள். சனி ஞாயிறு வைத்தால் குடும்பஸ்தர்கள், குறிப்பாகப் பெண்கள், வரமாட்டார்கள். வேலைநாளில் வைத்தால் அது அலுவலகப் பயணம், வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, அதனால் 75 நாள் முன்பே தேதியை முடிவு செய்து யார் எந்த வண்டி என்று எழுதி வாங்கிவிடுங்கள். முகூர்த்த நாட்களைத் தவிருங்கள், மண்டபமும் அறையும் கிடைக்காது.

தோராயக் கணக்கு: இருவருக்கு ஓர் அறை, 7 அறை, 2 இரவு, 2,500 ரூபாய் வீதம் 35,000. சாப்பாடு ஆளுக்கு நாளைக்கு 800 வீதம் 3 நாளுக்கு 33,600. பயணம் சராசரி 2,000 வீதம் 28,000. கூட்ட அறை 10,000. ஆக 1,06,600. மீதி 61,400. அதில் மினி யூபிஎஸ், இயர்ஃபோன் போக மிஞ்சுவதில் யாருக்காவது தனி அறை தேவைப்பட்டால் கொடுங்கள். அறையை யாருடன் பகிர்வது என்பதை முன்கூட்டியே தனித்தனியாகக் கேளுங்கள், பொதுச் சேனலில் கேட்க வேண்டாம்.

அங்கே போய் பிரசன்டேஷன் போடாதீர்கள், அதை ஆன்லைனிலேயே செய்யலாம். செவ்வாய் மதியம் எல்லாரும் வந்து சேர்ந்து சாப்பிடுவது, மாலையில் காவிரிப் பாலம் பக்கம் ஒரு நடை. புதன் காலை 3 மணி நேரம், டீமுக்கு நெடுநாளாகத் தலைவலியாக இருக்கும் ஒரே ஒரு பிரச்சினையை வெள்ளைப் பலகையில் வைத்துப் பேசுவது. மதியம் வேறு வேறு ஊர்க்காரர்கள் இரண்டிரண்டு பேராக அதில் ஒரு துண்டை எடுத்து வேலை செய்வது. மாலை ஓய்வு, கட்டாய நிகழ்ச்சி எதுவும் வேண்டாம். வியாழன் காலை, அடுத்த ஆறு மாதத்துக்கு எது தொடர வேண்டும், எதை விட வேண்டும் என்று எழுதுவது. அந்தப் பக்கத்தை எழுதும் பொறுப்பைப் புதிய மூவரிடம் கொடுங்கள்.

ஊரிலிருந்து வரும்போது ஒவ்வொருவரும் அவரவர் ஊர்ப் பலகாரம் கால் கிலோ கொண்டுவரச் சொல்லுங்கள். வர முடியாமல் போனவருக்கு அதில் ஒரு பங்கு கூரியரில் போகட்டும். கடலைமிட்டாய், கருப்பட்டி மிட்டாய் 4 நாள் பயணத்தைத் தாங்கும். முறுக்கைத் தகர டப்பாவில் வைத்தால்தான் உடையாது. பால்கோவா மட்டும் அனுப்பாதீர்கள், வழியிலேயே கெட்டுப்போகலாம்.